முன்னால் போகிறவர் முதுகு

அயர்ன்மேன் வகை டிரையத்லானில் சைக்கிள் ஓட்டும், தொழில்முறை வீரர் அல்லாதவர்களுக்கு ஒரு விதி உண்டு. முன்னால் போகிறவரிடமிருந்து 12 மீட்டர் தள்ளியே வர வேண்டும். முந்துவதென்றால் அந்த 12 மீட்டருக்குள் நுழையலாம். ஆனால் 25 நொடிக்குள் தாண்டிப் போய்விட வேண்டும். தாண்டாமல் அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வந்தால், நடுவர் பார்த்துத் தண்டனைக் கூடாரத்தில் சும்மா நிற்கவைப்பார். வழியில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்திலிருந்து சொந்தத் தங்கை ஒரு வாழைப்பழத்தை நீட்டினாலும் வாங்கக் கூடாது. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். அத்தனையையும் ஒண்டி ஆளாகத்தான் முடிக்க வேண்டும்.

இதைப் படித்தபோது, எழுதியது என் அம்மாதானோ என்று நினைத்தேன். அப்பா போன பிறகு ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு எங்களை வளர்த்தவர். "யார் வாசப்படியும் மிதிக்காம உங்கள ஆளாக்குனேன்" என்று கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் நாலு பேர் நடுவில் ஒரு முறையாவது சொல்லிவிடுவார். சிபாரிசு கேட்காதே, கைமாற்று வாங்காதே, ஒருத்தர் வண்டியில் தொற்றிக்கொண்டு போகாதே என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். நாற்பதைத் தாண்டிய வயதில் இந்த விளையாட்டின் மேல் எனக்கு ஆசை வந்ததற்கு, உடம்பைக் காட்டிலும் அந்த 12 மீட்டர்தான் காரணம் என்று தோன்றுகிறது. கோவாவில் 2019இல் தொடங்கிய பாதித் தூரப் போட்டிக்கு இப்போது தயாராகிக்கொண்டிருக்கிறேன். அதில் சைக்கிள் மட்டும் 90 கி.மீ.

புதுச்சேரியில் இருந்துகொண்டு 90 கி.மீ. மிதிக்க வேண்டுமானால் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். சனி, ஞாயிறில் சென்னை கார்களோடு அங்கே மல்லுக்கட்ட என்னால் ஆகாது. நான் மேற்கே திரும்பிவிடுவேன். வில்லியனூர், மங்கலம், ஏம்பலம், நெட்டப்பாக்கம், மடுகரை. கரும்பும் நெல்லும் சவுக்கும் மாறி மாறி வரும். அதோடு மாநிலமும் மாறிக்கொண்டே இருக்கும். புதுச்சேரி மாவட்டம் ஒரே நிலமாக இல்லை. தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. மதுக்கடைகள் நெருக்கமாகத் தெரிந்தால் புதுச்சேரி, அவை மறைந்தால் விழுப்புரம் அல்லது கடலூர் மாவட்டம். பலகையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அடித்துப் பிடித்து, 1814 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு மிஞ்சிய துண்டுகள் இவை. தனிக் கொடி, தனிச் சட்டம், தனிக் காவல் என்றெல்லாம் இருந்தன. இருந்தும், பிரெஞ்சு ஊர் ஒன்றிலிருந்து இன்னொரு பிரெஞ்சு ஊருக்குப் போக இடையில் அடுத்தவன் மண்ணை மிதிக்காமல் முடியாது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேர்வதென்று சொன்னதில் அரசியல் காரணங்கள் ஆயிரம் உண்டு. வரலாற்றாசிரியர்கள் ஒப்புகிறார்களோ இல்லையோ, சைக்கிளில் போகிற எனக்குப் படுவது இந்த வழி விவகாரம்தான். கீழூர் நினைவிடம் என் பாதைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது; தண்ணீர் குடிக்க நிற்பேன்.

ஆடி மாதத்தில் இந்தப் பாதை வேறு மாதிரி. காலையில் மேற்கிலிருந்து காற்று முகத்தில் அறையும். கிளம்பத் தாமதமாகி வெயில் ஏறிவிட்டால், திரும்பும்போது கடற்காற்று கிழக்கிலிருந்து எதிர்த்து வரும். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு பக்கமும் எதிர்காற்று வாங்கும் பாக்கியம் கடலோரக்காரர்களுக்கு மட்டுமே உண்டு. அப்படியொரு ஆடிக் காலையில், ஏம்பலம் தாண்டி கியரைக் குறைத்துக் குறைத்து இனிக் குறைக்க ஒன்றுமில்லை என்ற நிலையில் நான் போய்க்கொண்டிருந்தபோது, பெரிய புல்லுக்கட்டு ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு டிவிஎஸ் மொபெட்டில் ஒரு பெரியவர் தாண்டிப் போனார். அவர் தாண்டிய அந்தக் கணத்தில் காற்று நின்றது. கால்கள் என்னைக் கேட்காமலே அவர் பின்னால் போய்விட்டன. கண்ணாடியில் பார்த்துவிட்டார். வேகத்தைக் கூட்டுவார் என்று நினைத்தேன், குறைத்தார். "பின்னாலயே வாம்மா, காத்து தெரியாது" என்று கத்தினார். மடுகரைச் சாலையில் ஒரு வரப்புப் பக்கம் அவர் திரும்பும்வரை அப்படியே போனோம். மறைப்புக்காகப் பின்னால் ஒட்டுவதைப் பற்றி நான் காணொளி பார்த்து, புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அவருக்கு அது கண்ணாடியில் பார்த்ததும் புரிந்துவிட்டது.

சைக்கிளில் வேகம் ஏற ஏற, உழைப்பில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது காற்றுதான். வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்காகும். அதனால்தான் டூர் தெ பிரான்ஸ் போன்ற பந்தயங்களில் நூறு பேருக்கு மேல் ஒரே கும்பலாகப் போகிறார்கள். கும்பலின் நடுவில் இருப்பவர்மேல் மோதும் காற்று, தனியாக ஓட்டுகிறவர்மேல் மோதுவதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கக்கூடும் என்று 2018இல் பெர்ட் பிளாக்கன் என்ற ஆய்வாளரின் குழு கணக்கிட்டுக் காட்டியது. அதைவிட எனக்கு வியப்பு, பின்னால் நெருங்கி ஒருவர் வந்தால் முன்னால் போகிறவருக்கும் இரண்டொரு விழுக்காடு லாபம் என்பது. அவர் முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று அவரை இழுப்பது கொஞ்சம் குறைகிறது. மறைப்புக் கொடுக்கிறவர் எதையும் இழப்பதில்லை.

ஹவாயில் 1978 பிப்ரவரியில் முதல் அயர்ன்மேன் நடந்தபோது கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12. அன்று ஒவ்வொருவரும் தமக்கென்று உதவியாட்களைக் கூட்டிக்கொண்டுதான் வந்தார்கள். சாப்பாடும் தண்ணீரும் வண்டியில் கூடவே வந்தன. இரண்டாவதாக வந்த ஜான் டன்பாரின் ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோக, பீரை எடுத்துக் கொடுத்தார்கள். 'வெளி உதவி கூடாது' என்ற சட்டத்தோடு இன்று நடக்கும் போட்டி, கூட்டாளிகளின் வண்டிக்குள்ளிருந்துதான் பிறந்திருக்கிறது. அதற்காக விதியைத் தப்பென்று சொல்லமாட்டேன். யார் எவ்வளவு என்று அளக்க வந்த இடத்தில் அப்படித்தான் அளக்க வேண்டும். அளவுகோலை வீட்டுக்கு எடுத்து வந்து மாட்டிவைத்துக்கொள்வதில்தான் எனக்குச் சந்தேகம்.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை நடந்த பிறகு, என் கையைப் பிடிக்கமாட்டார். வாக்கரை மட்டும் பிடித்துக்கொள்வார். "இது என் பென்சன் காசுல வாங்குனது" என்று காரணம் சொல்வார். ஒருநாள் வழக்கமான வாசப்படிப் பேச்சு வந்தபோது கேட்டேன்: "நீ கடைக்குத் துணி கொண்டுபோற அன்னிக்கெல்லாம் ஸ்கூல் விட்டு வந்து நாங்க எங்க சாப்பிட்டோம்?" எதிர்வீட்டு அத்தை வீட்டில்தான். பரீட்சைக்கு அவர்கள் வீட்டு விளக்கில்தான் படித்தோம். அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டால் கஞ்சி அங்கிருந்துதான் வரும். அம்மா சொல்லும் கதையில் மட்டும் அந்த வீடே கிடையாது. பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. மறைப்புக்குள் இருக்கும்போது காற்று தெரியாது, அவ்வளவுதான். அத்தையும் தன் கதையில் இதைச் சொல்லியிருக்கமாட்டார். தனியாக இருந்த மனுஷிக்கு எங்கள் இரைச்சல் என்ன கொடுத்ததோ, அது அவருக்குத்தான் தெரியும்.

என் கேள்விக்கு அம்மா வெகுநேரம் பதில் சொல்லவில்லை. அத்தை இப்போது கடலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். இங்கிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர், பயிற்சிக்கு அது காலை நேரத்துச் சின்ன ஓட்டம். வர்ற ஞாயிற்றுக்கிழமை சைக்கிளிலேயே போய்ப் பார்த்துவிட்டு வரப்போகிறேன் என்றேன். அம்மா வாக்கரை நகர்த்திக்கொண்டு அலமாரிப் பக்கம் போனார்.

"சைக்கிள்ல போறேன்னுட்டு வெறுங்கையோட போய் நிக்காத. அவங்க ஒண்ணும் கேக்கமாட்டாங்க, நாமதான் பாத்துச் செய்யணும். இந்தா, என் காசுலயே வாங்கிக்க."