சீட்டுக் குலுக்கி மருந்து கொடுக்கலாமா?

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் ஜும்ஆவுக்குப் பின் ஒரு கேள்வி கேட்டார். கொரோனா காலத்தில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்கு மட்டும் புது வைத்தியம் செய்தார்களாமே, மற்றவர் உயிர் உயிரில்லையா, மார்க்கம் இதை ஏற்குமா என்றார். நியாயமான கேள்விதான்.

நடந்தது இது. 2020-ல், குணமானவர்களின் இரத்தத்திலிருந்து பிளாஸ்மா எனும் நீர்ப்பகுதியை எடுத்து நோயாளிகளுக்கு ஏற்றினால் பிழைப்பார்கள் என்று பரவலாக நம்பினார்கள். நோயைப் பரப்பியவர்கள் என்று ஏசப்பட்ட தப்லீக் சகோதரர்கள் பலரே குணமானதும் பிளாஸ்மா கொடுக்க முன்வந்தார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் அவ்வாண்டு ஜூலையில் பிளாஸ்மா வங்கியே திறக்கப்பட்டது. இதற்கிடையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம், சம்மதம் பெற்று, சோதித்துப் பார்த்தது. 235 பேருக்கு வழக்கமான வைத்தியத்தோடு பிளாஸ்மாவும், 229 பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். 28 நாட்களுக்குள் முதல் பிரிவில் 34 பேரும், மற்றதில் 31 பேரும் மௌத்தானார்கள். பிளாஸ்மா கிடைக்காதவர் எதையும் இழக்கவில்லை என்பது குலுக்கியதால்தான் தெரிய வந்தது.

சீட்டுப் போடுவது நமக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது மனைவியரில் யார் உடன் வருவது என்பதை அவ்வாறே முடிவு செய்வார்கள். மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பும் அப்படித்தான் முடிவானது. ஆனால் ஒருவரை முற்படுத்தக் காரணம் இல்லாதபோதுதான் சீட்டு. உரிமை இன்னாருக்கென்று தெரிந்தபின் சீட்டுக்கு வேலையில்லை. மருத்துவரும் அப்படியே. எது நல்லதென்று மெய்யாகவே தெரியாதவரைதான் அவர் குலுக்கலாம். பிரிட்டனில் இதே முறையில் சோதித்தபோது, டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து, சுவாசக் கருவியில் கிடந்தவர்களின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. 2020 ஜூனில் இது தெரிந்த பிறகும் அத்தகைய நோயாளிக்கு அதைக் கொடுக்காமல் குலுக்கியிருந்தால் அது ளுல்ம்.

தலையில் காயம்பட்டவரிடம், உமக்குத் தயம்மும் செய்யச் சலுகையில்லை என்று தோழர்கள் சொல்ல, அவர் குளித்து இறந்துபோன சம்பவம் ஹதீஸில் வருகிறது. தெரியாமல் தீர்ப்புச் சொன்னவர்களை நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். பிளாஸ்மா பயனற்றது என்று 2020 அக்டோபரிலேயே வெளியாகியும், 2021 மே மாதத்தில்தான் அது அரசு வழிமுறையிலிருந்து நீக்கப்பட்டது. அதுவரை எத்தனை குடும்பங்கள் அதைத் தேடி அலைந்தன! சோதிப்பதைவிடச் சோதிக்காமல் உறுதி சொல்வதே எனக்கு அச்சமூட்டுகிறது.

ஒரு நிபந்தனை உண்டு. நோயாளிக்கு, அவர் நினைவிழந்திருந்தால் அவருடைய வலீக்கு, இது சோதனை என்பதைப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். அவசரத்தில் நீட்டிய தாளில் வாங்கிய கையெழுத்து சம்மதமாகாது.