வாசியில்லாக் காசு



திருக்கோணமலையிலே ஓர்ஸ் ஹில் என வழங்கும் மேட்டுப்பகுதியில் வாழ்வார்க்கு, உள்துறைமுகம் மலை சூழ்ந்த குளம்போல அமைதியாய்த் தோன்றும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் சுமாத்திராவின் அருகே பிறந்த கடற்கோள் கிண்ணியா, மூதூர், நிலாவெளி முதலிய கரையூர்களைச் சிதைத்தபின், திருக்கோணமலைக்கு இந்தியக் கடற்படைக் கப்பல்கள் நிவாரணப் பொருள் கொண்டு வந்தன. அதே நாளில் நாகபட்டினக் கரையிலே தன் மக்கள் ஆயிரக்கணக்கானோரை இழந்த நாடு, அயலார் துயர் துடைக்கவும் கப்பல் விடுத்தமை மறக்கற்பாலதன்று.

செல்வ நாடுகள் வறிய நாடுகளின் அழிவைச் சீர்செய்யப் பொருள் கொடுத்தல் வேண்டுமோ என்னும் வினாவுக்கு, நம் சமய வரலாற்றிலேயே விடையுண்டு. திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்துற்றபோது, சிவபெருமான் திருஞானசம்பந்தருக்கும் திருநாவுக்கரசருக்கும் நாடோறும் ஒவ்வொரு காசு அருளினார். அப்பருடைய மடத்திலே அடியார்க்கு அமுது காலத்தில் நடந்தது. சம்பந்தருடைய மடத்திலோ தாழ்த்தது. காரணம் வினவியபோது, அப்பர் பெற்றது நற்காசு என்றும், தமது காசுக்கு வணிகர் வாசி கேட்டமையால் உணவுப்பொருள் வாங்கக் காலந்தாழ்த்தது என்றும் அறிந்தார். கைத்தொண்டு செய்பவராதலின் அப்பர் நற்காசு பெற்றார் எனத் தெளிந்து, இறைவனைப் பாடி வாசி நீங்கப்பெற்றார்.

இதனால் நாம் அறிவது யாது? பசித்தவனுக்குக் காசு வந்தமை மாத்திரம் போதாது. அது வாசியின்றி வருதல் வேண்டும். வாசியுள்ள காசு உணவைத் தாழ்ப்பிக்கும்.

இக்காலத்து வாசி எது? தமிழிலே கடன் என்னும் சொல் கடமையையும் குறிக்கும், மீளக் கொடுக்கவேண்டிய பொருளையும் குறிக்கும். செல்வ நாடுகள் தமது கடமையாகிய கடனை, நமது தலைமேல் வைக்கும் கடனாக மாற்றுகின்றன. 2025 நவெம்பர் இறுதியில் டித்வா என்னும் சூறாவளி கீழைக்கரையிற் புகுந்து இத்தீவெங்கும் வெள்ளமும் மண்சரிவும் விளைக்க, 600 பேருக்கு மேல் மாண்டனர். சேதம் 410 கோடி டொலர் அளவினதென உலக வங்கி மதிப்பிட்டது. அடுத்த மாதம் சர்வதேச நாணய நிதியம் 20 கோடி டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகையை விரைந்து அளித்தது. விரைவு போற்றத்தக்கதே, ஆயினும் அது திருப்பிச் செலுத்தவேண்டிய கடன். 2022 ஏப்பிரலிலே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதெனக் கைவிரித்த நாட்டுக்கு, புயலுக்காக மேலும் ஒரு கடன்!

கடற்கோள் எவர் செயலுமன்று. அதற்குக் கொடுப்பது தயை. கடல் வெம்மையுற்றுப் பெருமழை மிகுவதற்கோ, நெடுங்காலம் நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் செல்வமடைந்த நாடுகள் பெரும்பங்கு காரணம். அதற்குக் கொடுப்பது ஈடு. இதன்பொருட்டு 2022இல் எகிப்திலே ஒரு நிதியம் உடன்பாடாகி, 2023இல் துபாயிலே தொடங்கப்பட்டது. அப்போது உலகமெல்லாவற்றுக்குமாக வாக்களிக்கப்பட்டது ஏறக்குறைய 70 கோடி டொலர். ஒரு தீவின் ஒரு புயற்சேதத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குக.

வேறொரு வாசியும் உண்டு. மிஷன் பாடசாலையிலே கற்ற யாம், எமக்கு எழுத்தறிவித்த பாதிரிமாரின் நன்றியை மறவோம். ஆயினும் சோற்றோடு சமயத்தையும் கொள்க என்பது வாசியே. அரிசியோடு அரசியலையும் கொள்க என்பதும் வாசியே. நாம் கொடுக்குங்கால் நமக்கும் இவ்விதி ஒக்கும்.

துன்பம் அவரவர் வினைப்பயன், நாம் கொடுத்தல் எதற்கு என்பாரும் நம்முள் உளர். நுகர்வார்க்கு அது பிராரத்தமாகலாம். கண்டும் கையை மூடுவார்க்கு அதுவே ஆகாமியமாய் ஏறும். பிறர் வினையை அளக்கும் அதிகாரம் இறைவனுக்கன்றி நமக்கில்லை.

இனி, பெறுவார் கடமையும் உண்டு. 2005 ஜூனிலே கடற்கோள் நிவாரணத்தைப் பங்கிட அரசும் விடுதலைப் புலிகளும் செய்த உடன்பாடு, அடுத்த மாதமே உயர் நீதிமன்ற இடைக்காலத் தடைக்குட்பட்டு, ஒருநாளும் நடைமுறைக்கு வராதொழிந்தது. பிறர் தந்த காசுக்கு நம் பிணக்கே வாசியாயிற்று.

ஆசிரியர்காள்! வெள்ளம் வந்தால் நம் பாடசாலைகளே அடைக்கலமாகும். வந்தோர் பெயரைப் பட்டியலிற் பதிவது நம் எழுதுகோலாகவும் இருத்தல் கூடும். அப்பட்டியலிலே சைவன், இசுலாமியன், கிறித்தவன், பௌத்தன் என்றும், உற்றார், அயலார் என்றும் வேறுபாடு புகுமாயின், உலகம் தந்த நற்காசும் நம் கையிலே வாசிக்காசாம். கைத்தொண்டு செய்த அப்பருக்கு நற்காசு வந்ததென்பதை மாணாக்கருக்குக் கதையாகச் சொல்லுகின்றோம். அடுத்த மழையிலே அதனைப் பட்டியலாக எழுதிக் காட்டுவோம். செல்வ நாடுகளை நோக்கி, வாசியில்லாக் காசு தருக எனக் கேட்கும் நாவுக்கு அப்பொழுதே உரிமை உண்டாகும்.

திருச்சிற்றம்பலம்.