அரசுக்குச் சமயம் உண்டோ?

சமயச் சார்பின்மை என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, அது நாத்திகத்தின் மறுபெயரென நம்மவருட் சிலர் அஞ்சுகின்றனர். சிவபத்தி உடையவனுக்கே அது பெரிதும் வேண்டப்படுவது.

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தை நோக்குமின். உத்தியோகம் வேண்டினும், விவாகத்தைப் பதிய வேண்டினும், ஞானஸ்நானம் பெற்றிருத்தல் வேண்டும். சனங்கள் பதிவேட்டிற் கிறிஸ்தவராயினர், அகத்தே சைவராயிருந்தனர். 1795இல் யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயர் கைப்பட்டபின், அவருட் பலர் வெளிப்படத் திருநீறணிந்தனர். அரசாணை ஈட்டிய பத்தி அவ்வளவிற்றே! சைவத்தை மீட்க வந்த ஆறுமுகநாவலரோ, 1848இல் வண்ணார்பண்ணையிற் பாடசாலை நிறுவினார். (யானும் பாதிரிமார் பாடசாலையிற் கற்றவன். விவிலியமும் படித்தேன், நீறுந் தரித்தேன். ஒன்று மற்றொன்றைக் கெடுத்திலது.)

இனி நம் நாட்டின் நிலை. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மையான இடம் அளித்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலே 9ஆம் உறுப்புரை அதனைத் தொடர்கின்றது. ஏனைச் சமயத்தார்க்கும் உரிமை கூறப்பட்டுளதே என்பாருளர். உண்மையே. ஆயினும், திருச்சிலுவைக் கன்னியர் சபையொன்றைக் கூட்டிணைக்க எழுந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு ஒவ்வாதென 2003இல் உயர் நீதிமன்றம் துணிந்தது. 9ஆம் உறுப்புரையும் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. அக்கன்னியரின் உரிமை மீறப்பட்டதென 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு கண்டது. மதமாற்றத்தால் நொந்த சைவர் இத்துணிபு கண்டு மகிழ்வராயின், ஒன்று வினவுவேன். ஒரு சமயத்தைக் காக்கவென இன்று அவர்மேல் எழுந்த கோல் நாளை நம்மேல் எழாதென்பதற்குப் பிணை யாது? சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவிருந்தும், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கிற்று. எழுத்திலுள்ள காப்பே அவ்வாறு தளருமாயின், எழுத்திலேயே தாழ்வு விதிக்கப்பட்டார் எதனைப் பற்றி நிற்பர்?

அரசை நோக்கி இங்ஙனம் வழக்காடும் நாம், நமது இராகலைப் பகுதித் தோட்டங்களையும் நோக்கல் வேண்டும். ஒரே லயத்தில் மாரியம்மனை வணங்குவாரும் மாதாவை வணங்குவாரும் வாழ்கின்றனர். கோயிற் திருவிழாவுக்கெனச் செக்ரோலிலே சம்பளத்திற் பணம் பிடிக்கும்போது, அவ்வேற்றுச் சமயத்தாரிடமும் இசைவின்றிப் பிடிப்பின், அச்சிறு தோட்டத்தில் நாமே அரசாகி நின்று அவர்க்குத் தீங்கிழைப்பேமல்லமோ? பிற தெய்வத்தை வழிபடுவார்க்கும் அவ்வழிபாட்டை ஏற்றுப் பயனளிப்பவன் சிவபெருமானே என்பது சிவஞானசித்தியார் கொள்கை. அவரை வருத்திப் பெற்ற காசிலே தேரிழுத்தல் யாருக்கு உவப்பாம்? அடுத்த திருவிழாக் கணக்கெழுதுமுன், கோயிற் கமிட்டியார் லயந்தோறுஞ் சென்று இசைவு கேட்பாராக. இசையாதார் பெயரைச் சினமின்றி நீக்குவாராக.