எவ்வளவு தூரம் ஓட்டப்போகிறோம்?

அப்பா விட்டுப்போன காரை வைத்துக்கொள்வதா, லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் தரும் புதுக் காரை வாங்குவதா? வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரு பக்கம் பாசமும் மறுபக்கம் பெட்ரோல் விலையும் வந்து நின்றுகொள்கின்றன. இரண்டும் நியாயம்தான். ஆனால் முடிவெடுக்க அவை போதாது என்றே எனக்குப் படுகிறது.

வண்டி 1988-ஆம் வருட அம்பாசடர். 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், ஸ்டியரிங்கை ஒட்டிய கை கியர், முன்னால் மூன்று பேர் உட்காரும் நீள சீட். டேஷ்போர்டில் அப்பாவின் சின்ன நோட்டு அப்படியே இருக்கிறது. பெட்ரோல் போட்டவுடன் தேதி, லிட்டர், மீட்டர் ரீடிங் மூன்றையும் வரிசையாகக் குறித்துவைப்பார். கணக்குப் பார்த்தால் மைலேஜ் ஒன்பது. கல்யாணம், ஊர்த் திருவிழா, ஆஸ்பத்திரி என்று வருடத்துக்குச் சுமார் மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது.

அந்த தூரத்துக்குப் புதுக் கார் மிச்சப்படுத்துவது 180 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். ஆக, வருடத்துக்கு 420 கிலோ குறையும். ஆனால் இரும்பை உருக்கி, அலுமினியம் வார்த்து ஒரு புதுக் காரைச் செய்து முடிப்பதற்குள்ளேயே பல டன் வெளியாகிவிடுகிறது. ஐந்து டன் என்று வைத்தாலும் அதை ஈடுகட்டப் பன்னிரண்டு வருடம் ஆகும். அதுவே வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடினால் இரண்டரை வருடத்துக்குள் ஈடாகிவிடும். பழைய வண்டியா புதிய வண்டியா என்பதைத் தூரம்தான் தீர்மானிக்கிறது.

இந்தக் கணக்கில் அடங்காததும் உண்டு. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது 1995-இல். அதற்கு முந்தைய எங்கள் வண்டியில் அது கிடையாது. அதன் கார்பன் மோனாக்சைடு தெருவில் விளையாடும் பிள்ளைகளின் மூச்சில்தான் கலக்கிறது. விற்றுவிட்டால் தீர்ந்ததா? வாங்குகிறவர் நம்மைவிட அதிகம் ஓட்டினால் புகையும் அதிகமாகும். கைவிடுவதென்றால் பதிவுபெற்ற மையத்தில் கொடுத்து உடைக்கச் சொல்வதே நேர்மை. மனம் அதற்குத்தான் மிகவும் தயங்குகிறது.

எனவே இப்போதைக்கு வண்டி இருக்கட்டும். கார்புரேட்டரை ஒழுங்காக டியூன் செய்து, பஸ் போகும் இடத்துக்குப் பஸ்ஸிலேயே போவோம். மகளுக்குத் தினம் அறுபது கிலோமீட்டர் போய்வரும் வேலை வரலாம் என்கிறாள். வந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். ஏர்பேக் இல்லாத வண்டியில் தினமும் நெடுஞ்சாலையில் அவளை அனுப்பவும் எனக்கு மனமில்லை. பாசத்துக்காக வைத்திருக்கும் வண்டியைக் குறைவாக ஓட்ட வேண்டும். அதிகம் ஓட்டியே ஆக வேண்டுமென்றால், அந்தப் பாசத்தின் விலையை ஊரார் மூச்சில் வசூலிக்க நமக்கு உரிமை இல்லை.