தாமதம் தோல்வி அல்ல!

முடியாது என்கிறாயா? சாதாரண தரத்தில் கணிதம் போய்விட்டது, இனி என்ன இருக்கிறது என்கிறாயா?

உடப்பிலும் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் இந்தப் புலம்பல் போதும்!

வீட்டில் இரவு கரைத்துவைத்த அப்ப மாவை விடியற்காலையில் திறந்து பார். பொங்கி நிற்கிறது. மேலே சின்னச் சின்னக் குமிழிகள் உடைகின்றன. யார் செய்த வேலை அது? ஈஸ்ட்! கண்ணுக்கே தெரியாத ஒற்றைக் கலப் பங்கசு!

அந்தத் துளிக் கலத்துக்குள் 16 நிறமூர்த்தங்கள். பிரியும் முன் ஒவ்வொன்றும் இரட்டிக்கிறது. இரு துருவங்களிலிருந்தும் நுண்ணிய இழைகள் வந்து ஒவ்வொரு சோடியையும் பற்றுகின்றன.

உடப்புக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவன்தானே நீ? இரு பக்கக் கயிற்றிலும் ஆள் நிற்காமல் அம்பாப் பாட்டு எழுமா? ஈஸ்ட்டும் அப்படித்தான். இரு பக்கமும் பிடி விழாமல் இழுக்காது!

ஒரே ஒரு நிறமூர்த்தத்தில், இழை பற்றும் இடம் பழுது என்று வை. கலம் கைவிட்டுவிடுகிறதா? இல்லை! பிரிவைத் தாமதிக்கிறது. பிடி விழும்வரை பொறுக்கிறது. பிறகு பிரிகிறது!

இந்தக் காவலுக்கென்றே மரபணுக்கள் உண்டு. 1991இல் ஈஸ்ட்டில் கண்டுபிடித்தார்கள். இழைகளைக் குலைக்கும் மருந்தைக் கொஞ்சம் கொடுத்தால், நல்ல கலம் தாமதித்துப் பிழைக்கிறது. காவல் இழந்த கலமோ பொறுக்காமல் பிரிகிறது. நிறமூர்த்தங்கள் கூடியும் குறைந்தும் பங்காகின்றன. கலம் மடிகிறது!

கேட்டாயா? தாமதித்தது பிழைத்தது. அவசரப்பட்டது அழிந்தது!

நிறமூர்த்தக் கணக்குப் பிசகிய கலங்கள்கூட எல்லாம் அழிவதில்லை. பெரும்பாலும் மெதுவாக வளர்கின்றன, அவ்வளவுதான். கண்டிடா என்ற நோய்ப் பங்கசைப் பார். 5ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு கை மிகையான கலங்கள், ஃபுளுகோனசோல் மருந்தையே தாங்கி நிற்கின்றன! குறையோடு பிறந்தது மருந்தையே எதிர்க்கிறது. நீ ஒரு பெறுபேற்றுத் தாளுக்கு மடங்கிப்போவாயா?

போல் நேர்ஸ் என்ற ஆங்கிலேயரைத் தெரியுமா? சாதாரண தரத்தில் பிரெஞ்சு மொழி. ஆறு முறை தோல்வி! பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில் உதவியாளரானார். பிறகு பல்கலைக்கழகம் போனார். ஈஸ்ட்டின் கலப்பிரிவையே ஆராய்ந்தார். 2001இல் மருத்துவ நோபல் பரிசு!

உன் தோல்வி எத்தனை? ஒன்றா? இரண்டா? அதற்கா இத்தனை அழுகை?

வசதி இல்லை என்கிறாய். டியூஷனுக்குக் காசில்லை என்கிறாய். பயமாக இருக்கிறது என்கிறாய். இருக்கட்டும்! பயத்தோடே உட்கார். பழைய வினாத்தாளை எடு. பிடி நழுவிய இடம் எது? பின்னமா? அட்சரகணிதமா? அந்த ஒன்றைப் பிடி! நாளை அடுத்ததைப் பிடி!

உன் தாமதத்தைப் பார்த்து ஊர் சிரிக்கட்டும். நீ திருத்திக்கொண்டு எழு. அடுத்த பரீட்சை விண்ணப்பத்தில் உன் பெயரை நீயே எழுது!