எதை முதலில் படிப்பது?

தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்புப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் சிங்கப்பூரிலுள்ள நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான். மீதமிருக்கும் நாட்களில் எதைப் படிப்பது, எதை விடுவது? பாடத்திட்டம் பெரிது, நாளோ குறைவு. ஆகவே வரிசைப்படுத்தித்தான் ஆகவேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் 'இஹ்யா'வின் முதல் நூலிலேயே, ஒவ்வொருவர் மீதும் கடமையான கல்வி எது, ஊரில் சிலர் கற்றால் போதுமானது எது என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். வரிசை நமக்குப் புதிதன்று. எந்த அளவுகோலைக் கொண்டு வரிசைப்படுத்துவது என்பதே விஷயம்.

2021 முதல் இப்பரீட்சையில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை படிகள் வைத்திருக்கிறார்கள். நான்கு பாடங்களையும் கூட்டினால் 4 முதல் 32 வரை வரும். எண் குறையக் குறைய உயர்வு. உயர்நிலைப்பள்ளியில் இடம் கிடைப்பது இக்கூட்டுத்தொகையைப் பொறுத்தது. மேலே படிகள் நெருக்கம். 75, 80, 85, 90 என்று ஐந்தைந்து மதிப்பெண்ணுக்கு ஒரு படி. கீழேயோ 45 முதல் 64 வரை எல்லாம் ஆறாம் படியே.

இப்போது ஒரு பிள்ளை விஞ்ஞானத்தில் 73, கணிதத்தில் 46 வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விஞ்ஞானத்தில் இரண்டே மதிப்பெண் கூடினால் ஒரு படி ஏறலாம். கணிதத்தில் பதினேழு மதிப்பெண் கூடி 63 ஆனாலும் படி நகராது. ஆகவே வாப்பாவும் உம்மாவும், "பின்னக் கணக்கை விடு, விஞ்ஞானத்தைப் பார்" என்கிறார்கள். அவர்கள் போட்ட கணக்கில் பிழையில்லை. ஒரு படியால் ஒரு பள்ளி கைக்கு வருவதும் நழுவுவதும் உண்டு. அதை அற்பம் என்று நாம் சொல்லமாட்டோம்.

ஆனால் அந்தப் பதினேழு மதிப்பெண் எங்கே போகிறது? சான்றிதழில் தெரியாதே தவிர, பிள்ளையிடம் அல்லவா இருக்கிறது! விகிதமும் சதவீதமும் பின்னத்தின் மேல் நிற்பவை. அடுத்த ஆண்டின் இயற்கணிதமும் அப்படியே. ஜகாத் நாற்பதில் ஒன்று. குர்ஆன் வகுத்த வாரிசுப் பங்குகளோ பாதி, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, அத்தனையும் பின்னம். இதை விட்டுவிடச் சொல்லும்போது, 'இது உன்னால் ஆகாது' என்பதையும் சேர்த்தே அவள் காதில் போடுகிறோம். பன்னிரண்டு வயதில் அப்படிக் கேட்ட சொல் எளிதில் மறக்காது.

தம் காலத்து ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் இல்லாதிருக்க, எல்லாரும் சட்டக் கல்வியில் போய் நெருக்குகிறார்களே என்று இமாம் அவர்கள் வருந்தினார்கள். பதவியும் பொருளும் அங்கே கிடைத்தன என்பதே காரணம். பலனை மட்டும் பார்த்துக் கல்வியைத் தேர்ந்தெடுப்பது அத்தனை பழைய நோய்.

'இந்த வருஷம் இதுதான் வரும்' என்று ஊகித்து மற்றதை மூடிவைக்கும் 'ஸ்பாட்டிங்' வேறு இருக்கிறது. அது சூதாட்டமா என்று தீர்ப்புச் சொல்ல நாம் முஃப்தி அல்லோம். 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வி அமைச்சே சில கடைசிப் பாடங்களைப் பரீட்சையிலிருந்து நீக்கியது. அது அறிவித்துச் செய்தது, எல்லாருக்கும் பொதுவானது. நம் ஊகமோ தவறினால் நஷ்டம் பிள்ளைக்கு.

ஆகவே பிற பாடங்களைத் தாங்கி நிற்கும் பாடத்தை முதலில் வைப்போம். ஒரு படி ஏற்றக்கூடியது அதற்கடுத்து வரட்டும். மிகக் கடினமாய், எப்போதோ வரும் கேள்விகளுக்குக் கடைசி வாரம் போதும். அதற்கு நேரமில்லாது போனாலும் பாதகமில்லை.

தமிழை மட்டும் நம்மவர் பலர் இந்த வரிசையிலேயே சேர்ப்பதில்லை. கூட்டுத்தொகையில் அதற்கும் கணிதத்துக்கும் ஒரே மதிப்பு. தமிழில் நூற்றுக்கு 25 வாய்மொழித் தேர்வுக்கு உரியது. எழுத்துத் தேர்வுக்கு முன்பே, ஆகஸ்டில் அது நடந்துவிடும். அதற்கு ட்யூஷன் வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டின்போது கைத்தொலைபேசிகளை அப்பால் வைத்துவிட்டு, அன்று பள்ளியில் நடந்ததைப் பிள்ளை தமிழில் சொல்ல, பெற்றோரும் தமிழிலேயே பதில் சொன்னால் போதும்.