காத்திருப்பவை

நேரத்தைப் பங்கிடுவதை நாம் ஒரு நிர்வாகப் பிரச்னையாகவே பார்க்கப் பழகியிருக்கிறோம். அது தார்மீகப் பிரச்னையும்கூட என்பது எனக்குப் புரிய ஒரு போர்வை தேவைப்பட்டது.

மார்த்தாண்டம் பக்கத்தில், வீட்டைச் சுற்றிய சிறு விளையில் காய்கறிச் செடிகளும் மர நிழலில் நான்கு தேனீப் பெட்டிகளும் வைத்திருக்கிறேன். ஒழிந்த நேரத்தில் பழைய சேலைகளை அடுக்கி நூலோட்டிப் போர்வை தைப்பேன். மூன்றையும் சமமாகக் கவனிப்பதாக ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

தேனீ தன் காலத்தைத் தானே வைத்திருக்கிறது. புதிய ராணிக்கான அறையில் முட்டை விழுந்தால் சுமார் 8 நாளில் அறை மூடப்படும். அதையொட்டிப் பழைய ராணி ஒரு பெருங்கூட்டத்தோடு புறப்பட்டுவிடும். ஆகவே கூட்டம் பிரியும் பருவத்தில் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து அடைகளைப் பார்த்தாக வேண்டும். ரப்பரில் தேனீக்கு வேண்டிய தேன் சுரப்பது இலைக்காம்பில். தளிர் முற்றினால் சுரப்பு நின்றுவிடும். 1991-92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் எண்ணற்ற தேனீக் கூட்டங்களை அழித்தது. அதற்குப் பிறகு, புழு அறையைத் திறக்கும்போதெல்லாம் இங்கே எவருக்கும் ஒரு பயம் உண்டு. செடியும் பொறுப்பதில்லை. விடியலில் விரியும் பூசணிப்பூ மதியத்துக்குள் வாடிவிடும். தேனீ வராவிட்டால், ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவுவதைக் காலையிலேயே செய்தாக வேண்டும்.

போர்வை மட்டும் எதையும் கேட்பதில்லை. மடித்து வைத்தால் மடித்தபடி இருக்கும். ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் குத்திவைத்த இடத்தில் ஊசி இருக்கும். இந்தக் குணத்தை அதன் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மார்க்ஸ் 1867இல் வெளியான 'மூலதனம்' முதல் பாகத்தில் தேனீயையும் கட்டடக் கலைஞனையும் ஒப்பிடுகிறார். மனிதன் எதையும் கட்டுமுன் மனதில் கட்டிவிடுகிறான் என்பது அவர் காணும் வித்தியாசம். மனிதனின் மேன்மை சொல்லப்படும் இடம் அது. ஆனால் அந்த மேன்மைக்குள்ளேயே ஒரு சோம்பலுக்கும் இடம் இருக்கிறது. மனதில் முடிந்துவிட்ட வேலை, கையில் முடிந்தது போன்ற நிம்மதியைத் தந்துவிடுகிறது. எந்தச் சேலைக்குப் பக்கத்தில் எது வரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே தைக்காமல் இருக்க முடிந்தது.

அந்தச் சேலைகள் அம்மாவுடையவை. எடுத்துக் கொடுத்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னாள். வடசேரிச் சந்தையில் அப்பா பேரம் பேசி வாங்கியது; தங்கை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு உடுத்துப் போனது. "சாவகாசமாத் தை, அவசரம் ஒண்ணுமில்ல" என்றாள். அதை அப்படியே நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. மூன்று தேன் பருவங்கள் போயின. நான்காம் வருஷ மழையில் துண்டுகளைத் தரையில் பரப்பி, எதை நடுவில் வைக்கட்டும் என்று கேட்டேன். அம்மா ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தாள். "இது யாருக்க சேலை, மக்களே?" என்றாள்.

அவளுக்கு ஞாபகம் பிசகத் தொடங்கியிருந்தது. எனக்குத் தெரியாமலில்லை. பெட்டிகளைப் போல வாரம் ஒருமுறை திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். துணி காத்திருந்தது; அதன் கதைகளைச் சொல்ல வேண்டியவள் காத்திருக்க முடியவில்லை.

அதற்காகத் தேனீயைக் கைவிட்டிருக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஓர் உயிரைப் பெட்டியில் குடிவைத்துவிட்டு, மழைப் பஞ்சத்தில் சர்க்கரைப் பாகு வைக்காமலிருப்பது குற்றம். ஆனால் அவசரத்தை முக்கியத்துவத்தின் அளவுகோலாக்கிக் கொள்வதில் ஒரு கோழைத்தனம் இருக்கிறது. கொட்டத் தெரிந்தவற்றுக்கும் ஓடிப்போகத் தெரிந்தவற்றுக்கும் முதலில் நேரம் ஒதுக்குகிறோம், பொறுத்துக்கொள்பவர்களுக்கு மிச்சம். வீட்டுக்கு வெளியேயும் இதே கணக்குத்தான் நடக்கிறது. பொறுமையை நற்பண்பு என்று புகழ்கிறவன், பெரும்பாலும் அந்தப் பொறுமையால் லாபம் அடைகிறவன்.

இப்போது தினமும் விளக்கு வைத்ததும் போர்வையோடு உட்காருகிறேன். அம்மா பக்கத்தில் இருந்து துண்டுகளைத் தடவிக்கொண்டிருப்பாள். சில சமயம் ஏதாவது சேலைக்கு ஒரு கதை சொல்வாள். நடந்ததா என்று எனக்குத் தெரியாது. திருத்துவதில்லை. போன கார்த்திகையில் அப்படி உட்கார்ந்த நாட்களில் பெட்டிகளைப் பார்ப்பது ஒரு வாரம் தள்ளிப்போய், ஒரு கூட்டம் பிரிந்து போய்விட்டது. நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் இம்முறை எதை இழக்கிறேன் என்று தெரிந்தே இழந்தேன்.